விலாங்குக்குக் கை கிடையாது

விலாங்கு மீன் வேஷம் தைப்பதற்கு என் உயரம் எவ்வளவு, இடுப்பளவு எவ்வளவு என்று என் முன்னாள் புருஷன் தொலைபேசியில் கேட்டபோது, நான் அலுவலகத்தில் உட்கார்ந்து ஊர்ப் பெருமை அச்சடித்த காகிதங்களை மடித்துக்கொண்டிருந்தேன். மடித்து வைத்திருந்ததையெல்லாம் கசக்கிவிட்டேன்.

"என்ன திமிர் இருந்தா இத எங்கிட்டயே கேப்ப?"

"இதுல திமிர் என்ன டோர்த்தே? இப்பவே தைக்கக் குடுத்தாத்தான் கோடைக்குள்ள ரெடியாகும். வால்தான் கொஞ்சம் இழுக்கும். போகப் போகப் பழகிரும்."

"நான் தோத்தாத்தானேடா வேஷம்?"

"அதான் சொல்றேன், இப்பவே தைக்கக் குடுத்துரலாம்னு."

போனை வைத்த வேகத்தில் மேஜை ஆடியது. ப்ரேபன் என்ற இந்த ஆசாமி மார்ஸ்ட்ரூப் நகரத்துச் சுற்றுலா அலுவலகத்தின் தலைவன். நான் ஸ்கெல்விக் நகரத்துச் சுற்றுலா அலுவலகத்தின் தலைவி. இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு பாலம்தான். ஆனால் டென்மார்க்கின் இந்தத் தென் யூட்லாந்துக் கரையில் எந்தப் பாலமும் யாரையும் சேர்த்துவைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

இரண்டு ஊரும் ஒரே நகரசபைக்கு உட்பட்டவை. மேயருக்குத் திடீரென்று சிக்கனம் வந்துவிட்டது. இத்தனூண்டு கரைக்கு இரண்டு சுற்றுலா அலுவலகம் எதற்கு, ஒன்று போதும் என்றார். எந்த ஒன்று? அதற்கும் வழி சொன்னார். ஒரு டச்சுக் கப்பல் கம்பெனி கோடை முழுக்க வாரம் ஒருமுறை எங்கள் பக்கம் கப்பல் நிறுத்தப்போகிறது. அந்தக் கப்பலைப் பிடிக்கிற ஊர் அலுவலகம் நிலைக்கும். மற்றது மூடப்படும், அதன் தலைவர் ஜெயித்தவருக்குத் துணையாளாகப் போக வேண்டும்.

மார்ஸ்ட்ரூப்பில் துணையாளின் வேலை என்னவென்று ஊருக்கே தெரியும். அவர்கள் ஊர் அடையாளம் ஒரு விலாங்கு. பெயர் ஓலே. உச்சி முதல் வால் வரை வழவழவென்று கறும்பச்சை ரப்பர் துணி. வாய் இருக்கிற இடத்தில் ஓட்டை, அதன் வழியாக உள்ளே இருப்பவரின் முகம் மட்டும் தெரியும். கோடை முழுக்க அதை மாட்டிக்கொண்டு பாலத்தடியில் நின்று, வருகிறவர் போகிறவருடன் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். குழந்தைகள் வாலை மிதிக்கும். போன துணையாள் ஆகஸ்டில் மயங்கி விழுந்து, அதுவும் நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று எல்லோரும் கைதட்டினார்கள்.

நான் அதை மாட்டிக்கொண்டு, ப்ரேபன் விசிலடித்தால் நெளிய வேண்டும். என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

எதற்கு அவனை விட்டு வந்தேன் என்று கேட்பவர்களுக்கு நான் ஏதேதோ காரணம் சொல்வேன். குறட்டை, ஈரத் துண்டு, கஞ்சத்தனம். உண்மைக் காரணத்தை எங்கள் ஊர்க்காரர்களிடம் மட்டும்தான் சொல்ல முடியும், மற்றவர்கள் சிரிப்பார்கள். கல்யாணம் நிச்சயமானபின் முதன்முதலாக என் அம்மா வீட்டுக் காபிக்கு வந்தவன், ஒரே ஒரு கேக்கைத் தின்றுவிட்டு, "போதும்" என்றான். அம்மா அடுத்த தட்டை நீட்டியபடியே நின்றாள். அவன் தலையாட்டி மறுத்தான். அம்மா தட்டை மெதுவாகக் கீழே வைத்ததை நான் பார்த்தேன். அந்த வீட்டில் அதற்கு முன் யாரும் எந்தத் தட்டையும் கீழே வைத்ததில்லை. அதன் பிறகும் அவனைக் கட்டிக்கொண்டேன், அது என் புத்தி. ஆனால் பிறகு நாங்கள் எதற்குச் சண்டை போட்டாலும் கடைசியில் அந்தத் தட்டில்தான் போய் முடியும்.

*

ஊரை விளம்பரப்படுத்துவது எங்கள் ஆட்களுக்கு வரவே வராது. போன வருஷம் கோபன்ஹேகனிலிருந்து ஒரு நிபுணரை வரவழைத்தோம், ஊருக்கு ஒரு கவர்ச்சியான வாசகம் எழுதித்தர. 'கடல் உன்னைப் பெயர் சொல்லி அழைக்கிறது' என்று எழுதினார். கூட்டத்தில் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நமக்கு நாமே இப்படிப் பீற்றிக்கொள்ளலாமா என்று மூன்று பேர் எழுந்து வெளியே போய்விட்டார்கள். கடைசியில் ஓட்டெடுப்பில் ஜெயித்த வாசகம் இதுதான்: 'ஸ்கெல்விக்: மோசமில்லை.'

நிபுணர் அழாத குறை. அவருக்குப் புரியவில்லை. எங்கள் பக்கம் 'மோசமில்லை'க்கு மேலே வேறு பாராட்டே கிடையாது. மகள் கல்யாணத்தில் யாராவது பந்தியைப் பார்த்து "மோசமில்லை" என்று சொல்லிவிட்டால் பெண்ணைப் பெற்றவர் ஓரமாகப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொள்வார். ப்ரேபன் என்னிடம் இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை ஒரு தடவை சொல்லியிருப்பானா? சொன்னதில்லை.

கப்பல் கம்பெனி அனுப்பியது டெர்ப்ஸ்ட்ரா என்ற அம்மாவை. முதல் நாள் எங்கள் ஊர், மறுநாள் மார்ஸ்ட்ரூப், அதற்கடுத்த நாள் நகரசபையில் தீர்ப்பு. நான் கணக்காகத் திட்டம் போட்டேன். முதலில் செங்கல் அருங்காட்சியகம், அடுத்து தேவாலயம், அடுத்து துறைமுகம், முடிவில் கலங்கரை விளக்கம். கலங்கரை விளக்கம்தான் என் துருப்புச்சீட்டு. அதன் உச்சியில் ஏறி நின்றால் கடல் இரண்டு நிறமாகத் தெரியும், மார்ஸ்ட்ரூப் ஒரு குப்பைமேடாகத் தெரியும்.

எல்லோருக்கும் போன் போட்டேன். அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொள்ளும் கிர்ஸ்டினேயிடம், "சும்மா எட்டிப் பாத்துட்டுக் கெளம்பிருவோம். லேசா ஒரு காபி போதும்" என்றேன்.

"ஆமாமா, லேசாத்தான்" என்றாள் கிர்ஸ்டினே.

அடுத்து தேவாலயத்துப் பாதிரியார் அம்மா. "கிர்ஸ்டினேகிட்ட முடிச்சுட்டு நேரா உங்கிட்ட வரோம். லேசா ஒரு காபி."

"மொதல்ல கிர்ஸ்டினேகிட்டயா?"

"ஆமா."

"சரி. ஆண்டவர் பாத்துக்குவார்."

கடைசியில் துறைமுகத் தலைவர் ஹின்ரிக். "பாதிரியார் அம்மாகிட்டயிருந்து உங்கிட்டதான்" என்றேன். அவர் "ஹ்ம்" என்றார். அவ்வளவுதான். ஹின்ரிக் அதிகம் பேச மாட்டார்.

பக்கத்து மேஜையில் இருந்த யெப்பே தலையைத் தூக்கினான். என்னோடு வேலை செய்யும் ஒரே ஆள். கோபன்ஹேகன்காரன். எங்கள் ஊருக்கு வந்து மூன்று வருஷத்தில் மூன்று பெல்ட் மாற்றியவன்.

"டோர்த்தே, யாருக்கு அடுத்து யாருன்னு அவங்ககிட்டச் சொல்லியிருக்க வேணாமோ?"

"ஏன்?"

"இல்ல, நான் இங்க வந்த புதுசுல பாத்தேன். ஒரு வீட்டுக் காபிக்கு அப்புறம் இன்னொரு வீட்டுக்குப் போனா..."

"நீ கோபன்ஹேகன்காரன். உனக்கு என்னப்பா தெரியும்? நான் இங்கயே பொறந்தவ."

இங்கேயே பிறந்தவள்! என் வாயில் அப்போது மண்ணை அள்ளிப் போட்டிருக்க வேண்டும். ஏழு மிருதுவான கேக், ஏழு மொறுமொறு வகை. எங்கள் பக்கம் காபி என்றால் அதுதான், லேசாக ஒரு காபி என்றாலும் அதுதான். ஒரு வீட்டில் ஏழும் ஏழும் என்றால் அடுத்த வீட்டுக்காரி எட்டும் எட்டும் வைக்காமல் கண்ணை மூட மாட்டாள். இதெல்லாம் எனக்குத் தாய்ப்பாலோடு வந்த விஷயம். தாய்ப்பாலோடு வந்ததை யார் நினைத்துப் பார்க்கிறார்கள்?

*

டெர்ப்ஸ்ட்ரா அம்மா ரயிலிலிருந்து இறங்கினார். ஒடிசலான, விறைப்பான மனுஷி. சாம்பல் நிறக் கோட்டு, சாம்பல் நிறப் பை. ஜெர்மன் எல்லைப்புறத்துக்காரர்கள் எல்லோரையும் போல ஜெர்மனில் பேசிக்கொண்டோம்.

"எனக்கு நேரம் முக்கியம்" என்றார். "எல்லாத்தையும் பாத்துரணும்."

"பாத்துரலாம்" என்றேன்.

செங்கல் அருங்காட்சியகத்தின் கதவைத் திறந்தேன். செங்கல் எதுவும் கண்ணில் படவில்லை. கூடம் முழுக்க ஒரே மேஜை. வெள்ளைத் துணி. வெண்ணெய் தடவிய பன், கிரீம் வழியும் அடுக்குக் கேக், புளிப்புப் பழ ஜாம் வைத்த கறுப்பு ரொட்டிக் கேக், அதற்கப்பால் மொறுமொறு வகைகள் கண்ணுக்கு எட்டியவரை. நடுவில் கிர்ஸ்டினே, கன்னம் சிவக்கச் சிரித்துக்கொண்டு.

"ஒண்ணுமே செய்யல டோர்த்தே. சும்மா இருந்தத எடுத்து வச்சேன்."

டெர்ப்ஸ்ட்ரா அம்மா உட்கார்ந்தார். மேஜையின் கடைக்கோடிக்குக் கையை நீட்டி ஒரு பிஸ்கட்டை எடுத்தார். கடைசியாகச் சாப்பிட வேண்டியதை முதலில்! அதைத் தின்றார், காபியைக் குடித்தார், வாயைத் துடைத்துக்கொண்டு "ரொம்ப நன்றி" என்று எழுந்தார்.

கிர்ஸ்டினே தட்டை நீட்டியபடியே நின்றாள். அப்படியே என் அம்மா.

"இவங்களுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றாள் கிர்ஸ்டினே.

நான் விருந்தாளியின் கோட்டைப் பிடித்து இழுத்தே உட்காரவைத்தேன். தொழில் மரியாதையெல்லாம் காற்றில் போனது. "அம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். எல்லாத்துலயும் ஒண்ணொண்ணு எடுத்துக்கணும்."

"எல்லாத்துலயுமா?" அவர் குரல் சின்னதாகிவிட்டது. "எடுத்துக்கலாமா? நெஜமாவா?"

பயந்துவிட்டார் என்று நினைத்தேன். ஆனால் எடுத்தார். முதலில் பன், பிறகு கிரீம் கேக், பிறகு கறுப்பு ரொட்டிக் கேக். ஒவ்வொன்றுக்கும் முன்னால் கிர்ஸ்டினேயின் முகத்தை ஒரு தரம் பார்ப்பார், தட்டு இன்னும் அங்கேயே இருக்கிறதா என்பதுபோல. முடித்துவிட்டு நாங்கள் வெளியே வந்தபோது ஒரு செங்கல்லைக்கூடப் பார்த்திருக்கவில்லை.

தேவாலயத்தில் எட்டும் எட்டும். ஒரு கேக்கைக் கோபுர வடிவத்திலேயே அடுக்கியிருந்தார்கள், உச்சியில் சர்க்கரைச் சிலுவை. பாதிரியார் அம்மா ஜெபத்தைச் சுருக்கமாக முடித்துக்கொண்டு என் காதருகே வந்தார்.

"கிர்ஸ்டினே கிரீமை நேத்தே அடிச்சு வச்சுட்டாளாமே?"

"எனக்குத் தெரியாது."

"நான் குறை சொல்லல. மன்னிச்சுட்டேன்."

டெர்ப்ஸ்ட்ரா அம்மா கேக் கோபுரத்தைத் தின்று மணிக்கூண்டு வரை வந்துவிட்டார். கோட்டுப் பொத்தான் கழன்று நாற்காலிக்கடியில் உருண்டது. கண் கலங்கியிருந்தது. ஐயோ, வலிக்கிறது போல, தொலைந்தோம் என்று யெப்பேயின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"துறைமுகத்த விட்டுட்டு நேரா கலங்கரை விளக்கத்துக்குப் போயிரலாம்" என்று கிசுகிசுத்தான் யெப்பே.

"ஹின்ரிக்க விட்டுட்டா? அப்புறம் நான் இந்த ஊர்ல குடியிருக்கணுமா வேணாமா?"

ஹின்ரிக் ஒன்பதும் ஒன்பதும் வைத்திருந்தார். மீன் பெட்டிகளை வரிசையாக அடுக்கி மேலே பாய்த்துணி விரித்து, எல்லாம் தன் கையால் சுட்டது. பின்னால் மாலுமிகள் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள், ஏதோ சாவு வீடு போல. ஹின்ரிக் கேக்குகளைக் காட்டி "ஹ்ம்" என்றார்.

மிருதுவான ஒன்பதும் முடிந்தது. மொறுமொறுவில் பாதி தாண்டியபோது டெர்ப்ஸ்ட்ரா அம்மா எழுந்திருக்கப் பார்த்தார். எழுந்திருக்க முடியவில்லை. "கால் நிக்கல" என்றார் அமைதியாக. "ஆனா அந்த மஞ்சக் கலர்ல ஒண்ணு பாக்கி இருக்கே."

அதையும் கொடுத்தார்கள். நான் கலங்கரை விளக்கத்தைக் காட்டி, "அங்க ஏறணும்..." என்று ஆரம்பித்தேன். அவர் அதை அடியிலிருந்து நுனி வரை அண்ணாந்து பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு நிற்கவே இல்லை. பெட்டி மேலிருந்து அப்படியே சாய்ந்துவிட்டார். மாலுமிகள்தான் பிடித்தார்கள்.

ரயிலுக்கு நேரமாகிவிட்டது. எங்கள் ஊரில் டாக்ஸி ஒன்றுதான், அதன் ஓட்டுநர் கிர்ஸ்டினே வீட்டில் மிச்சக் கேக்கைத் தின்றுகொண்டிருந்தார். கடைசியில் ஹின்ரிக் மீன் ஏற்றும் சைக்கிளைக் கொண்டுவந்தார், முன்பக்கம் பெரிய மரப்பெட்டி வைத்தது. அதற்குள் ஒரு போர்வையை விரித்து டெர்ப்ஸ்ட்ரா அம்மாவை மல்லாக்கப் படுக்கவைத்தோம். யெப்பே மிதித்தான். நான் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு ஓடினேன். மேலே பார்த்தபடி படுத்திருந்த அந்த அம்மா எங்கள் ஊரில் மொத்தமாகப் பார்த்தது கொஞ்சம் ஆகாயம், கொஞ்சம் கூரை, ஒரு கடற்காகம்.

ரயில்வே கேட் அருகே ப்ரேபன் நின்றுகொண்டிருந்தான். கையில் போன். எங்களையே படம் பிடித்துக்கொண்டு.

"தற்செயலா வந்தேன்" என்றான் பல்லைக் காட்டி.

*

வீட்டுக்குப் போவதற்குள் வீடியோ ஊரெல்லாம் பரவிவிட்டது. 'ஸ்கெல்விக்கில் விருந்தாளியை இப்படித்தான் வழியனுப்புவார்கள்' என்று மேலே எழுதியிருந்தான். மீன் பெட்டிக்குள் ஒரு மனுஷி, கண் மூடி, மோவாயில் சர்க்கரைத் தூள், வாயில் ஒரு அசட்டுச் சிரிப்பு. பக்கத்தில் நான், தலைவிரிகோலமாக, ஒரு கையில் அவர் செருப்போடு.

மானம் போயிற்று. கிர்ஸ்டினேயும் பாதிரியார் அம்மாவும் போன் செய்தார்கள், ஆறுதல் சொல்ல இல்லை, யாருடைய கேக்கை அந்த அம்மா அதிகம் ரசித்தார் என்று கேட்க. யெப்பே எனக்கு ஒரு கோப்பை கறுப்புக் காபி கொடுத்தான். கூட எதுவும் வைக்கவில்லை. நல்ல பையன்.

மறுநாள் மார்ஸ்ட்ரூப்பில் எல்லாம் ஒழுங்காக நடந்ததாம். காதில் மாட்டிக்கொள்ளும் கருவி, அதில் பதிவுசெய்த குரல், கோட்டை, சந்தை, கண்ணாடித் தொழிற்சாலை, எல்லாம் நிமிஷம் பிசகாமல். கடைசியில் இயந்திரத்துக் காபி, கூடவே காகிதத்தில் சுற்றிய ஒரு பிஸ்கட். ஓலே விலாங்கு நெளிந்து காட்டியதாம்.

சாயங்காலம் ப்ரேபன் போன் செய்தான். "இப்பவாவது அளவச் சொல்லு டோர்த்தே. தையக்காரர் காத்துட்டிருக்கார்."

எனக்குத் தெம்பே இல்லை. சொல்லித் தொலைத்தேன். அவன் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"முன்ன மாதிரியேதான் இருக்க" என்றான். அதை எந்த அர்த்தத்தில் சொன்னான் என்று தெரியவில்லை, போனை வைத்துவிட்டேன்.

*

நகரசபைக் கூட்டத்தில் ப்ரேபன் பெரிய திரை கட்டியிருந்தான். மார்ஸ்ட்ரூப்பின் படங்களைக் காட்டினான். பிறகு, "ஒப்பிட்டுப் பாக்கறதுக்காக" என்று சொல்லி அந்த வீடியோவைப் போட்டான். சபை முழுக்கச் சிரிப்பு. மேயர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். நான் நாற்காலிக்குள் புதைந்துபோனேன்.

"அத நிறுத்தாதீங்க" என்றார் டெர்ப்ஸ்ட்ரா அம்மா.

எல்லோரும் அடங்கினார்கள். அவர் எழுந்து நின்றார். விறைப்பான அதே சாம்பல் கோட்டு, ஒரு பொத்தான் மட்டும் இல்லை.

"மார்ஸ்ட்ரூப்ல நான் எல்லாத்தையும் பாத்தேன். ஒரு குறையும் இல்ல. ஸ்கெல்விக்ல நான் எதையுமே பாக்கல." பொத்தான் கழன்ற இடத்தைத் தடவிக்கொண்டார். "எங்க நாட்டுல வீட்டுக்கு விருந்தாளி வந்தா பிஸ்கட் டப்பாவத் திறப்பாங்க. ஒண்ணு எடுத்துக்கலாம். அப்புறம் டப்பாவ மூடிருவாங்க. சின்ன வயசுல எங்க அத்தை வீட்டுல நான் ரெண்டாவதுக்குக் கை நீட்டிட்டேன். மூடி என் விரல் மேலயே விழுந்துச்சு. அதுக்கப்புறம் நான் எங்கயும் கை நீட்டினதில்ல."

திரையில் அவர் மீன் பெட்டிக்குள் கண் மூடிச் சிரித்தபடி போய்க்கொண்டேயிருந்தார்.

"எங்க கப்பல்ல வர்றவங்க எல்லாம் வயசானவங்க. கோட்டை, கோபுரம் எல்லாம் போதும் போதும்னு பாத்தாச்சு. ரெண்டாவது பிஸ்கட்டுக்காக ஆயுசு பூரா காத்துட்டிருக்காங்க. படம் எதுவும் எடுக்கலையேன்னு நேத்து எங்க ஆபீஸ்ல கேட்டாங்க. இந்த வீடியோவத்தான் அனுப்பினேன். முதல் பயணத்துக்கு இடம் எல்லாம் தீந்துருச்சு." அவர் ப்ரேபன் பக்கம் திரும்பினார். "இவ்வளவு நல்ல விளம்பரத்தக் காசு வாங்காம எடுத்துக் குடுத்ததுக்கு உங்களுக்கு ரொம்ப நன்றி."

ப்ரேபனின் முகத்தை நான் சட்டம் போட்டு மாட்டியிருப்பேன். யெப்பே என்னைக் கட்டிக்கொண்டு குதித்தான். நான் அழுதேன், வெட்கமில்லாமல், மூக்குச் சிந்தி அழுதேன். நான் விலாங்கு இல்லை. நான் இனி எந்தக் காலத்திலும் விலாங்கு இல்லை.

மேயர் தொண்டையைச் செருமினார். "அப்ப, ப்ரேபன் துணையாள். அந்த மீன் உடைய வீணாக்க வேணாம். தைச்சாச்சுன்னு கேள்விப்பட்டேன்."

தைத்தாகிவிட்டது. என் அளவுக்கு.

*

முதல் கப்பல் வந்த அன்று துறைமுகம் முழுக்க மேஜை. ஊரில் ஒரு வாரமாக மாவு கிடையாது, முட்டை கிடையாது, அக்கம்பக்கத்தில் பேச்சுவார்த்தையும் கிடையாது. இந்த முறை யாருக்கு முன் யார் என்ற பேச்சே வரக்கூடாது என்று எல்லா மேஜையையும் ஒட்டிப் போட்டு ஒரே மேஜையாக்கிவிட்டேன். இங்கே பிறந்தவளுக்கும் புத்தி வரும், கொஞ்சம் தாமதமாக. கிர்ஸ்டினே கோட்டுக்கு மேல் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு எதிரியின் கிரீமை மோந்து பார்த்தாள். ஹின்ரிக் "ஹ்ம்" என்றார். டச்சுக்காரர்கள் கைத்தடியும் சக்கர நாற்காலியுமாக இறங்கி வந்தார்கள். முதலில் ஆளுக்கு ஒரு பிஸ்கட் எடுத்துக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். டெர்ப்ஸ்ட்ரா அம்மா ஏதோ சொன்னார். ஒரு கிழவர் மெதுவாகக் கையை நீட்டினார். அதன்பிறகு யாரும் யாரையும் பார்க்கவில்லை.

கப்பல் படிக்கட்டின் அடியில் ப்ரேபன் நின்றிருந்தான். என் அளவுக்குத் தைத்த விலாங்கு அவனுக்கு முழங்காலோடு நின்றுபோயிருந்தது. கீழே மயிரடர்ந்த கால் தெரிந்தது. வால் பின்னால் குட்டையாக நீட்டிக்கொண்டிருந்தது. வாய் ஓட்டைக்குள் அவன் முகம் வேகவைத்த பீட்ரூட் மாதிரி. ஒவ்வொரு டச்சுக்காரரும் இறங்கும்போதே அவனோடு படம் எடுத்துக்கொண்டார். ஒரு பாட்டி அவன் காலைக் கிள்ளிப் பார்த்தார்.

நான் பார்த்து ரசித்துக்கொண்டிருந்தேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் படமெல்லாம் எடுத்து முடிந்து எல்லோரும் மேஜைக்குப் போனபின், அவனும் தத்தித் தத்தி மேஜை ஓரம் வந்து நின்றான். கேக்குகளைப் பார்த்தான். யாரும் அவனைக் கவனிக்கவில்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. விலாங்குக்குக் கை கிடையாது.

ஒரு தட்டை எடுத்துக்கொண்டு போனேன். என் அம்மாவின் கைப்பக்குவத்தில் நான் சுட்ட ஏழும் ஏழும், எல்லாவற்றுக்கும் மேலே கறுப்பு ரொட்டிக் கேக்.

"கை இல்ல டோர்த்தே" என்றான்.

"தெரியுது. வாயத் திற."

திறந்தான். ஊட்டினேன். மென்று விழுங்கினான். அடுத்ததை எடுத்தேன். அவன் உதடு "போ..." என்று குவிந்தது. நான் அசையாமல் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குவிந்த உதடு அப்படியே திறந்துகொண்டது. மிருதுவானவை ஏழும் போயின. மொறுமொறு வகையில் ஒவ்வொன்றாகப் போயின. பொடி அவன் ரப்பர் தாடையில் உதிர்ந்தது.

"ஒண்ணு சொல்லவா?" என்றான் கடைசி பிஸ்கட்டை மென்றபடி. "அன்னைக்கு உங்கம்மா வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி எங்கம்மாவும் காபி போட்டுட்டாங்க. ஏழும் ஏழும். அங்கயும் வேணாம்னு சொல்ல முடியல. உங்கம்மா தட்ட நீட்டுனப்ப எனக்குத் தொண்டை வரைக்கும் நின்னுச்சு."

"அடப்பாவி! அத அன்னைக்கே சொல்ல வேண்டியதுதானே?"

"எங்கம்மா கேக்கத் தின்னுட்டுதான் உங்க வீட்டுக்கு வந்தேன்னு உங்கம்மாகிட்டச் சொல்லச் சொல்றியா? உயிரோட விட்டிருப்பாங்களா?"

விட்டிருக்க மாட்டாள். எங்கள் வீட்டில் யாரும் விட்டிருக்க மாட்டார்கள். இத்தனை வருஷச் சண்டையும் அந்த ஒரு தட்டும் என் கண் முன்னால் வந்து நின்றன. ஒரு வீட்டுக் காபிக்கு மேல் இன்னொரு வீட்டுக்கு இழுத்துப் போகிற இதே தப்பைத்தானே நான் டெர்ப்ஸ்ட்ரா அம்மாவுக்கும் செய்தேன்?

அவன் நாக்கை நீட்டி மீசையில் ஒட்டியிருந்த ஜாமை நக்கினான். கடல் பக்கம் பார்த்தபடி, யாரிடமோ சொல்வதுபோல, "மோசமில்லை" என்றான்.

நான் திரும்பி நின்று ஏப்ரனால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். மாவுதான் கண்ணில் பட்டுவிட்டது என்று யெப்பேயிடம் சொன்னேன். அவன் நம்பவில்லை. மேஜையில் கிர்ஸ்டினேயினுடையதும், பாதிரியார் அம்மாவுடையதும், ஹின்ரிக்கினுடையதும் இன்னும் மிச்சமிருந்தன. அடுத்த தட்டை எடுத்துக்கொண்டு அவனிடம் போனேன்.

"வாயத் திற" என்றேன்.